மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க!

சித்திரை மாதம் வரை எங்கள் வீட்டு ஹாலில் இருந்தது வெறும் ஜன்னல். இப்போது அதற்கு 'லைட் சோர்ஸ்' என்று பெயர். அப்பாவின் எட்டு முழ வேட்டி 'டிஃப்யூசர்' ஆகிவிட்டது. புது ஃப்ரிட்ஜோடு வந்த தெர்மாகோல் அட்டை 'ரிஃப்ளெக்டர்'. கொடியில் இருந்த கிளிப்புகள் எல்லாம் ஹாலுக்குக் குடிவந்துவிட்டதால், துவைத்துப் போட்ட துணிகள் காற்றில் பறந்து எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. என் மனைவி மட்டும் மாறவே இல்லை. "இதையெல்லாம் எப்பங்க எடுத்து வைக்கப் போறீங்க?" என்ற அதே பழைய கேள்வி!

விஷயம் இதுதான். திருப்பாச்சூரில், பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில், அடியேன் ஒரு ஃபேஷன் போட்டோ ஸ்டூடியோ ஆரம்பித்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். ஃபேஷன் போட்டோகிராபர் என்றதும் உங்கள் மனசுக்குள் ஓர் ஆசாமி வந்து நிற்பான். கூலிங் கிளாஸ், குதிரைவால் முடி, கையில் பீரங்கி சைஸுக்கு லென்ஸ், சுற்றிலும் குடை பிடித்துக்கொண்டு நாலு விளக்குகள்... எனக்கு இதில் எதுவும் கிடையாது. குதிரைவாலுக்குத் தேவையான முடியே கிடையாது. கல்வித் தகுதி பி.காம்.

ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி, திருத்தணி ரோட்டைப் பிடித்து வந்தால் எங்கள் ஊர். தேவாரப் பாடல் பெற்ற வாசீஸ்வரர் கோயில் இருக்கிறது. 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் காட்டில் சுவாமி கிடைத்ததால் பாசூர் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. விடிந்தால் பாதி ஊர் காக்களூர் எஸ்டேட்டுக்கும் சிப்காட் பஸ்ஸுக்கும் ஓடும். மீதிப் பாதி சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில் தொங்கும். ஃபேஷன் என்றால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டை. அவ்வளவுதான்.

இந்த ஸ்டூடியோவுக்குக் காரணம் என் தங்கை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. மார்ச் முடிந்தது; கான்ட்ராக்டும் முடிந்தது. "மறுபடி கூப்பிடுவாங்க மச்சான்" என்றார். அவர் சொன்ன விதத்திலேயே கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்காக ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு மெஷின்தான். தையல் மெஷின்.

தங்கை நன்றாகத் தைப்பாள். லைனிங் ஜாக்கெட், பஃப் கை, ஆரி வொர்க் எல்லாம் அத்துப்படி. ஆனால், ஆர்டர் எல்லாம் அவள் தெருவைத் தாண்டாது. ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள்.

"வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல நாலு நல்ல போட்டோ போட்டா திருவள்ளூர்லேர்ந்தே ஆர்டர் வரும்ணா. மத்தவங்க போடறதெல்லாம் சினிமா மாதிரி இருக்கு. நான் எடுத்தா கரித்துணி மாதிரி வருது."

அண்ணன் என்றால் இந்த இடத்தில் ஏதாவது செய்ய வேண்டும். கல்யாண போட்டோ எடுக்கிற நண்பர் ஒருவர் புதுக் கேமராவுக்கு மாறியிருந்தார். அவருடைய பத்து வருஷப் பழைய கேமரா, ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸோடு, 11,000 ரூபாய்க்கு இரண்டு தவணையில் என் வீட்டுக்கு வந்தது.

"வீட்டுக்குள்ள ஸ்டூடியோவா?" என்று அம்மா இளக்காரமாகக் கேட்டபோது, நான் ஒரு சரித்திரச் சான்றை எடுத்துவிட்டேன். ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஓர் அம்மாள். (பெயரிலேயே கேமரா! கடவுள் சில பேருக்குப் பெயர் வைக்கும்போதே வேலையும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.) 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்தபோது, மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அம்மாளுக்கு வயது 48. கரி கொட்டி வைக்கிற அறையை இருட்டறை ஆக்கினார். கண்ணாடி போட்ட கோழிக் கொட்டகையில் இருந்து கோழிகளைக் கிளப்பிவிட்டு அதை ஸ்டூடியோ ஆக்கினார். வீட்டு வேலைக்காரப் பெண்ணை நிறுத்தி மேரி மாதா ஆக்கினார். ஃபோகஸ் சரியில்லை என்று அந்தக் காலத்து விமரிசகர்கள் திட்டினார்கள். இன்றைக்கு அந்தப் படங்கள் லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன. 1875-ல் இலங்கைக்குக் குடிபோய், அங்கேயும் தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். 1879-ல் அங்கேயே காலமானார்.

"கோழிக் கொட்டகையே ஸ்டூடியோ ஆச்சும்மா. நம்ம ஹாலுக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

"கோழியாவது முட்டை போடும்" என்றாள் அம்மா.

முதல் நாள் ஷூட்டிங். கேமரா தலையில் இருந்த ஃபிளாஷைத் தட்டிவிட்டு எடுத்தேன். தங்கை பதினைந்து நாள் கண்விழித்துப் போட்ட ஆரி வேலை, ரேஷன் கார்டு போட்டோ மாதிரி தட்டையாக வந்தது. ஜரிகை மட்டும் பளீரென்று கண்ணைக் குத்தியது. காரணம் ரொம்ப சுலபம். நேர் எதிரில் இருந்து வெளிச்சம் அடித்தால், மணிக்கும் கல்லுக்கும் நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. ஊசியால் போட்ட வேலையைக் காட்ட வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து துணியைத் தடவிக்கொண்டு வரவேண்டும்.

சரி, ஃபிளாஷ் வேண்டாம் என்று எல்.இ.டி. ட்யூப்லைட்டைப் போட்டேன். படத்தில் பட்டை பட்டையாக விழுந்தது. நம் வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. மட்டமான எல்.இ.டி. விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமரா கண்டுபிடித்துவிடும். ஷட்டர் வேகத்தை 1/500-ல் வைத்தால் பட்டை விழும். 1/100-க்கு இறக்கினால் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாளும், மாப்பிள்ளைக்கு ஒன்பது டீயும் ஆயிற்று.

அப்புறம்தான் ஜன்னலுக்கு வந்தேன். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் "வடக்கு ஜன்னல்தான் உத்தமம். அதில் நேர் வெயில் விழாது" என்கிறார்கள். அது அவர்கள் ஊர் சூரியன், சார்! திருப்பாச்சூர் இருப்பது வடக்கே சுமார் 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியில் இருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் மத்தியான சூரியன் நம் தலைக்குக் கொஞ்சம் வடக்கே ஒதுங்கித்தான் போகிறது. கத்திரி வெயிலில் என் வடக்கு ஜன்னல் வழியாகவே ஒரு கீற்று உள்ளே வந்து, தங்கையின் தோளில் கம்பியின் நிழலைப் போட்டது. பார்க்க ஜெயில் காட்சி மாதிரி இருந்தது.

அங்கேதான் அப்பாவின் வேட்டி வந்தது. வெளிச்சம் வருகிற பரப்பு பெரிதாக இருந்தால் நிழல் மிருது. சின்னதாக இருந்தால் நிழல் கத்தி. ஜன்னல் முழுக்க வேட்டியைக் கட்டியதும் வெயில் பாலாக மாறிவிட்டது. எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் மறுகன்னத்து நிழலும் இளகிவிடும். வேட்டி கட்ட ஒரு கழி, தெர்மாகோலைத் தூக்கி நிறுத்த ஒரு கழி. இரண்டும் மூங்கில். ஊர்ப் பெயருக்கு நான் செய்த மரியாதை!

இவ்வளவும் ஆன பிறகுதான் நிஜமான சிக்கல் வந்தது.

முதலில் ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டி எடுத்தோம். ஹேங்கரில் தொங்குகிற ஜாக்கெட், எப்பேர்ப்பட்ட வேலைப்பாடாக இருந்தாலும், இஸ்திரிக் கடையில் யாரோ மறந்துவிட்டுப் போனது மாதிரிதான் இருக்கும். துணிக்கு உள்ளே ஓர் ஆள் வேண்டும். "நீயே போட்டுக்கிட்டு நில்லேன்" என்றேன். நின்றாள். ஆனால் ஒரு கண்டிஷன்.

"கழுத்துக்குக் கீழ எடுண்ணா. மூஞ்சி வேணாம்."

தலையில்லாமல் நாற்பது படம் எடுத்தேன். பார்த்தால் தொல்பொருள் இலாகா ஆல்பம் மாதிரி இருந்தது.

மாப்பிள்ளைதான் தடை போட்டிருப்பார் என்று நினைத்தேன். ஊர் என்ன பேசும் என்கிற பயம் ஆண்பிள்ளைகளுக்கு உண்டுதானே? அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் நாசூக்காக ஆரம்பித்தேன். தெர்மாகோலைப் பிடித்தபடியே மனுஷன் சொன்னார்: "நான் எங்க மச்சான் வேணாம்னேன்? அவதான் ஒத்துக்க மாட்டேங்கறா."

தங்கையைக் கேட்டேன். நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னாள்.

"கலரா இருக்கறவங்க போட்டாத்தான் ஜாக்கெட் எடுப்பா இருக்கும். என் மூஞ்சியப் போட்டா வர்ற ஆர்டரும் வராது. பழைய கதைதான் உனக்கே தெரியுமே."

தெரியும். நன்றாகவே தெரியும்.

2013-ல் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுத்தோம். பிரிண்ட் வந்ததும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. படத்தில் பவுடர் டப்பா மூடியில் இருக்கிற பெண் மாதிரி யாரோ இருந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டில் இருந்து பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆயிற்று. காபியைக் குடித்து முடித்துவிட்டு, பையனின் அத்தை சொன்னாள்: "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே..." அவ்வளவுதான். கதவு திறந்திருந்தது. உள்ளே நின்றுகொண்டிருந்த தங்கைக்குக் கேட்டது.

ஸ்டூடியோக்காரர்மேல் நான் பழி போடமாட்டேன். "பொண்ணு பார்க்கற போட்டோ... கொஞ்சம் கலராப் போட்டு விடுங்க" என்று கவுண்டரில் சொன்னது வேறு யாருமில்லை. நான்தான். அதற்கு ஐம்பது ரூபாய் தனியாகவும் கொடுத்தேன். இது எனக்கும் அந்தக் கவுண்டருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எடுத்த படங்களில் தப்பித்தவறி முகம் வந்திருந்த ஒன்றிரண்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் நிஜமாகவே இருட்டாகத்தான் இருந்தது. ஆனால், என் தங்கை நேரில் அவ்வளவு இருட்டு இல்லையே? ஏன் இப்படி வருகிறது? உட்கார்ந்து படித்தேன்.

கேமராவுக்குக் கண் உண்டு, புத்தி கிடையாது. எதைக் காட்டினாலும், மொத்தத்தையும் கூட்டிக் கழித்து, ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சராசரி எடுக்கிற குமாஸ்தா! ஒரு பெண்ணை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால், 'அடேயப்பா, ஏகப்பட்ட வெள்ளை' என்று பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சுவர் சாம்பல் ஆகும். மாநிறமான முகம் கரி ஆகும். பிறகு நாம் என்ன செய்கிறோம்? ஃபில்ட்டரைத் தட்டி முகத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிறோம். தப்பு செய்தது சுவர். தண்டனை முகத்துக்கு!

இது என்னோடு ஆரம்பித்த தப்பும் இல்லை. கலர் ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடுகிற லேப்களுக்கு கோடக் கம்பெனி ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் நின்ற பெண்ணின் பெயர் ஷெர்லி. அதனால் அதற்கு 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். ஷெர்லியின் கன்னம் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உலகத்தில் பாதிப் பேருடைய கன்னம் என்ன ஆனது என்று ரொம்ப காலம் யாரும் கவலைப்படவில்லை. கடைசியில் ஃபிலிமைத் திருத்த ஒரு காரணமாக இருந்தவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர ஃபர்னிச்சர் வியாபாரிகளும்! டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும், ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று புகார் செய்தார்கள். மனுஷத் தோலுக்குக் கிடைக்காத நியாயம் மேஜை நாற்காலிக்குக் கிடைத்தது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கிற கார்டு 1990-களில்தான் வந்தது.

பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. திருத்துவது எப்படி? அதற்கும் ஒருவர் இருந்தார். செய்து கெய்டா. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவைச் சேர்ந்தவர். சின்ன வயசில் மாமா கொடுத்த ஒரு பிரௌனி கேமராவில் ஆரம்பித்து, 1948-ல் ஸ்டூடியோ திறந்தார். பெரும்பாலும் முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், ஆளுக்கு ஒரே ஒரு ஃபிலிம். அவருடைய முதல் பின்னணித் திரை என்ன தெரியுமா? அவர் படுக்கிற கட்டில் விரிப்பு! ஊர் ஜனங்கள் புதுசாகத் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பேனா, வாட்ச், ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் அவரே வைத்திருந்து கொடுப்பார். பூப்போட்ட விரிப்புக்கு முன்னால் அந்தக் கறுத்த முகங்கள் கோயில் விக்கிரகம் மாதிரி மின்னுகின்றன. 1994-ல் பாரிசில் தனிக் கண்காட்சி வைத்தார்கள். ஃபேஷன் போட்டோ என்றால் இதைவிட வேறென்ன?

காலையில் எழுந்ததும் பரண்மேல் இருந்த ஜமக்காளத்தை இறக்கினேன். பாட்டி காலத்து ஜமக்காளம். கரும்பச்சையில் மெரூன் கோடு. "அதை எதுக்குங்க எடுக்கறீங்க? கல்யாணம் கார்த்திகைக்கு விரிக்கறது!" என்று மனைவி பதறினாள்.

ஆனால், தங்கையைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை. சாட்சாத் என் மனைவிதான். நான் ஷெர்லி, கெய்டா என்று லெக்சர் அடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் பேசாமல் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். 2024 நவம்பரில் நாடெல்லாம் சுற்றிய வீடியோ. லக்னோவில் குடிசைப் பகுதிப் பிள்ளைகள். 'இன்னோவேஷன் ஃபார் சேஞ்ச்' என்ற தொண்டு நிறுவனத்தில் படிக்கிறவர்கள். யாரோ தானமாகக் கொடுத்த பழைய துணிகளைப் பிரித்து, வெட்டி, தைத்து, சிவப்பில் கல்யாண உடுப்புகள் செய்து, தாங்களே போட்டுக்கொண்டு மாடல் மாதிரி நடக்கிறார்கள். படம் பிடித்ததும் அவர்களில் உள்ள பதினைந்து வயசுப் பிள்ளைகளே. அந்த டிசைனுக்கு முன்மாதிரியான பிரபல டிசைனர் சப்யசாச்சியே அதைத் தன் பக்கத்தில் எடுத்துப் போட்டார்.

"பாரு, இதுங்கள்ல எது வெள்ளையா இருக்கு? அந்தப் பொண்ணு எப்படி நிமிர்ந்து நடக்குது பாரு" என்றாள் மனைவி.

தங்கை மூன்று தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை துணியை மட்டும் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"சரிண்ணி... ஒரே ஒரு போட்டோ."

ஜமக்காளத்தைக் கட்டினோம். அவள் தைத்த மெரூன் ஜாக்கெட். ஜன்னலில் இருந்து மூன்றடி தள்ளி நிறுத்தினேன். ரொம்பத் தள்ளக்கூடாது; ஜன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் மடமடவென்று இறங்கிவிடும். மாப்பிள்ளை தெர்மாகோலோடு எதிர்ப்பக்கம். பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கறுத்த தோலுக்கு அழகே அந்த லேசான மினுமினுப்புதான். ஜன்னல் வெளிச்சம் கன்னத்து எலும்பில் ஒரு வெள்ளிக் கோடு போடும். பவுடர் அடித்தால் அது செத்துவிடும்.

எல்லாம் தயார். அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மோவாயைக் கொஞ்சம் தூக்கு."

தூக்கவில்லை. கேமராவை இறக்கினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அந்தப் போட்டோ... பொண்ணு பார்க்க எடுத்தது. கலராப் போடச் சொன்னது நான்தான்மா. ஸ்டூடியோக்காரன் இல்ல."

ஹாலில் சத்தமே இல்லை. மாப்பிள்ளையின் கையில் தெர்மாகோல் மட்டும் 'கிரீச்' என்றது.

தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும்ணா."

"எப்படி?"

"பில்லுல எழுதியிருந்துச்சு. கலர் கரெக்‌ஷன் ஐம்பது ரூபாய்னு. நீ பி.காம். படிச்சவன். பில்லைப் பத்திரமா கவரோட வெச்சிருந்தே."

சொல்லிவிட்டு ஒரு பக்கமாகச் சிரித்தாள். மோவாய் தானாக நிமிர்ந்தது.

கிளிக்.

பொய் சொல்லமாட்டேன், அந்தப் படத்தில் மூலையில் ஒரு கிளிப் தெரிகிறது. ஜமக்காளத்தில் ஒரு சுருக்கம் இருக்கிறது. ஆனால் ஜாக்கெட்டில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கிறது. மெரூன், மெரூனாக இருக்கிறது. அதற்கு மேலே என் தங்கையின் முகம், அவள் முகமாகவே இருக்கிறது. எந்த ஃபில்ட்டரும் போடவில்லை. அவளும் போடச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏண்ணா... நீதான் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்டேட்டஸில் போட்ட நாலாவது நாள், மணவாளநகரில் இருந்து ஒரு பெண் வண்டியில் வந்து இறங்கினாள். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவள். தங்கை நிறம்தான், இன்னும் ஒரு சொட்டு கூடவே இருக்கும். "கடையில எல்லாரும் எனக்கு மெரூன் எடுக்காதுன்னே சொல்வாங்கக்கா. உங்க போட்டோ பார்த்தேன். அதே மாதிரி ஒண்ணு வேணும்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். அவளுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று இத்தனை நாள் எந்தத் துணிக்கடை விளம்பரமும் சொல்லவில்லை. அதில் நிற்கிறவர்கள் யாரும் அவள் நிறத்தில் இல்லை. பெரிய கேமரா இருந்தது, பெரிய லைட் இருந்தது. அவளைப் போல ஒருத்தியை நிறுத்தலாம் என்கிற நினைப்புதான் இல்லை. அந்த நினைப்புக்கு விலை கிடையாது. என்னிடமும் அது இருக்கவில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்து இல்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

கடைசியாக, கணக்குக்கு வருகிறேன். 'உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை' என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். கேமரா 11,000. மூங்கில் இரண்டு, 160. கிளிப் ஒரு டஜன், 60 (கொடிக் கிளிப்புகள் கொடிக்கே திரும்பிவிட்டன). தெர்மாகோல், ஃப்ரிட்ஜோடு இலவசம். வேட்டி, அப்பா போட்ட மூலதனம். சூரியன், தேய்மானமே இல்லாத சொத்து. இதற்கு எதிரே முதல் மாசத்தில் 14 ஜாக்கெட். மாப்பிள்ளைக்கு வேலை இன்னும் சரியாக அமையவில்லை. ஆனால், ஹூக் கட்டுவதும் டெலிவரியும் இப்போது அவர் டிபார்ட்மென்ட். தெர்மாகோல் பிடிப்பதில் திருவள்ளூர் வட்டத்தில் அவருக்கு இணை கிடையாது.

எனக்கு ஃபீஸ்? தங்கை என் ஆபீஸ் பேண்ட்டுகள் நாலையும் இடுப்பில் இரண்டு இஞ்ச் பிரித்துவிட்டாள். வாங்கும்போது சரியாகத்தான் இருந்தன என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் போட என் போட்டோ வேண்டும் என்று ஆபீஸில் கேட்டிருந்தார்கள். ஜமக்காளத்தின் முன்னால் ஸ்டைலாக நின்றேன். கேமராவைத் தங்கையிடம் கொடுத்தேன். கண்ணை வைத்துப் பார்த்தாள். கேமராவை இறக்கினாள்.

"ண்ணா, மோவாயைக் கொஞ்சம் தூக்கு... ரெண்டு தெரியுது!"